மெத்தைக் கடை மாடியில் விழும் வகுப்பு

மெத்தைக் கடைக்கு மேலே ஜூடோப் பள்ளி நடத்துவதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. மேலே ஒருவர் விழுந்தால் கீழே ஒருவர் எழுந்துவிடுவார். மெத்தை வாங்க வந்தவர் கண்ணை மூடிப் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் பக்கத்தில் குனிந்து, "மேகத்துல மிதக்கற மாதிரி இருக்கா?" என்று தாலாட்டுக் குரலில் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்துக் கூரையில் 'தொம்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் சுண்ணாம்பு மேகத்தின்மேல் உதிரும். வந்தவர் அலறியடித்துக்கொண்டு எழுந்து, "வீட்ல கேட்டுட்டு வர்றேங்க" என்று செருப்பைத் தேடுவார். அப்படி வீட்டில் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் யாருமில்லை.

கடைக்காரர் ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்துப் பார்த்தார். விழுகிற சத்தத்துக்கு நடுவே இடிக்கிற சத்தம் யார் காதில் ஏறும்?

மேலே பள்ளி நடத்தியவளை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தாள். இளவயதில் தேசியப் போட்டியில் இறுதிச் சுற்றுவரை போய்க் கடைசி நிமிடத்தில் தோற்றவள். அந்தக் கடைசி நிமிடத்தை வேறு யாரையாவது வைத்து ஜெயித்துக் காட்ட வேண்டும் என்றுதான் பள்ளியையே ஆரம்பித்தாள். நல்ல தடித்த விரிப்பாகப் பார்த்து வாங்கித் தரை முழுக்கப் போட்டாள். பாட்டு இல்லை, கண்ணாடி இல்லை, வாசலில் வண்ண விளக்கு இல்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம். சேர்ந்தவர்கள் முதல் மாதம் முழுக்க விழ மட்டும்தான் கற்க வேண்டும். பின்பக்கம் விழ, பக்கவாட்டில் விழ, உருண்டு விழ. ஒழுங்காக விழத் தெரியாத யாரும் அடுத்தவர் சட்டையைத் தொடக் கூடாது.

சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். பள்ளிதான் அதனால் காலியாகிக்கொண்டிருந்தது.

"நாலு பேரைத் தூக்கிப் போட்டு வரட்டும்னு பையனைச் சேர்த்தோம்," என்று ஒரு தாய் வந்து நின்றாள். "இவன் என்னடான்னா வீட்டுக்கு வந்து சோபாவுலேர்ந்து விழுந்து காட்டறான். விழறதுக்கு எதுக்கு மாஸ்டர் ஃபீஸ்? அது தானா வருமே."

மாஸ்டர் பொறுமையாக விளக்குவாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவில் நடன வகுப்பில் சேர்த்துவிடுவார்கள்.

கதவோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவளுடைய மாமியார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். மகனோ லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். எந்த நேரமும் ஏதாவது ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருப்பான். வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இங்கே வந்து மனிதர்களைப் பார்க்கலாம் என்று வந்தவள், மெல்ல மெல்லப் பள்ளியின் தொலைபேசியைக் கைப்பற்றிக்கொண்டாள். மணி அடித்தால் முதுகு தானாக நிமிரும். "வணக்கம். ஜூடோப் பள்ளி. யார் பேசறீங்க, யாரோட பேசணும், இணைப்புல இருங்க" என்று கணீரென்று சொல்லிவிட்டு, கையெட்டும் தூரத்தில் நிற்கும் மருமகளை ஊருக்கே கேட்கும்படி கூப்பிடுவாள்.

"அத்தை, நான் இங்கேதானே நிக்கறேன்?"

"நிக்கறது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமில்ல, இது பெரிய இடம்னு."

பெரிய இடத்தில் மிச்சமிருந்த மாணவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். அவர்களில் மாஸ்டர் நம்பியிருந்தது ஒருத்தியைத்தான். சைக்கிள் கடையில் வேலை பார்க்கும் அவளுக்குப் பள்ளியில் கோந்து என்று பெயர். எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்தால் பிடித்ததுதான். நடுவர் வந்து விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டும். வலு இருந்தது, வேகம் இருந்தது. ஆனால் போட்டி என்று வந்தால் பிடித்த பிடியோடு மரம் மாதிரி நின்றுவிடுவாள். அவள் தோற்கவும் மாட்டாள், ஜெயிக்கவும் மாட்டாள், நேரம் முடிந்துபோகும்.

ஒரு சாயங்காலம் மெத்தைக் கடைக்காரரின் பொறுமை தீர்ந்தது. அன்றைக்குக் கல்யாணத்துக்கு இரட்டை மெத்தை வாங்க வந்த ஜோடி, கூரை இடிந்து விழுகிறதென்று கையைக் கோத்துக்கொண்டு ஓடிவிட்டிருந்தது. அவர் நல்ல பருமன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சிரைக்க, என்னென்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் உருப்போட்டபடி மாடியேறி வந்தார்.

"செருப்பைக் கழட்டுங்க தம்பி," என்றாள் அத்தை.

கோபமாக வந்த மனிதனுக்குச் செருப்பைக் கழற்றுவதுபோல ஒரு இடைஞ்சல் வேறில்லை. குனிய வேண்டும், ஒற்றைக் காலில் நின்று சுவரைப் பிடிக்க வேண்டும், வாரை அவிழ்க்க வேண்டும். நிமிர்வதற்குள் பாதிக் கோபம் வழிந்து போய்விடுகிறது. மீதிப் பாதி முழுவதும் வீணாவதற்குள் பேசிவிட வேண்டுமென்று அவர் விறுவிறுவென்று நடந்தார். விரிப்பின் விளிம்பு காலைத் தட்டியது.

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. பாய்ந்து ஒரு கையால் அவர் சட்டைக் கையையும் மறு கையால் காலரையும் பிடித்து, அந்தப் பெரிய உடம்பைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல விரிப்பில் கிடத்தினாள்.

அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"நான் விழுந்துட்டேனா?"

"ஆமாண்ணே."

"வலிக்கலையே?"

"தலையைத் தரையில படவிடாம பிடிச்சுக்கிட்டேன். நீங்களும் நல்லவேளையா கையை ஊனலை."

அவர் எழுந்திருக்க அவசரப்படவில்லை. "போன மழையில கடை வாசல்லயே வழுக்கி விழுந்தேன் தங்கச்சி," என்றார், கூரையிடம் சொல்வதுபோல. "இடுப்பு சரியாயிடுச்சு. பயம் சரியாகலை. படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கடவுளைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இறங்கறேன். குளிக்கப் போனா வீட்ல வெளியே நின்னு குரல் கொடுக்கறாங்க." தலையை மட்டும் மாஸ்டர் பக்கம் திருப்பினார். "இதைச் சொல்லித் தருவீங்களா?"

"எதைண்ணே?"

"இதைத்தான். விழறதை."

"அது பாடம் இல்லைண்ணே. பாடத்துக்கு முன்னாடி வர்றது."

"எனக்கு முன்னாடி வர்றதே போதும்."

கதவோரத்திலிருந்து பதில் வந்தது. "காலையில பள்ளி சும்மாத்தானே பூட்டிக் கிடக்கு? காலையில வாங்க தம்பி. தளர்வான உடுப்பாப் போட்டுக்கிட்டு வாங்க."

சத்தத்தைப் பற்றிக் கேட்க வந்ததே அவருக்கு மறந்துவிட்டது. மறுவாரம் கூரையிலிருந்து இறங்கிய 'தொம்'களில் அவருடைய 'தொம்'மும் சேர்ந்துகொண்ட பிறகு அதைப் பற்றிப் பேச அவருக்கு வாயில்லை. பேசுவதற்கு வேறு விஷயம் கிடைத்திருந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மெத்தையை விட்டுவிட்டு விழுவதைப் பற்றியே பேசினார். கடைக் கண்ணாடியில் ஒரு பலகை மாட்டவும் இடம் கொடுத்தார்.

பலகைக்கு மாஸ்டர் எழுதி வைத்தது: 'ஜூடோ அடிப்படைப் பயிற்சி. எல்லா வயதினரும் சேரலாம்.'

அத்தை அதைக் கையில் வாங்கி, தூரத்தில் வைத்துப் படித்தாள். "இதைப் படிச்சிட்டு யாரு வருவா? எனக்கே தூக்கம் வருது."

அவள் எழுதியதுதான் கடைசியில் மாட்டப்பட்டது: 'விழப் பயமா? மாடிக்கு வாங்க. விழுந்தே பார்த்துடலாம்.'

வந்தார்கள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் வந்தார். பாட்டு டீச்சர் வந்தாள். ஒரு பல் டாக்டர் வந்தார், இத்தனை வருடம் அடுத்தவர்கள் பயப்படுவதைப் பார்த்தவருக்குத் தன் வீட்டுக் குளியலறையைக் கண்டால் பயம். முழங்காலில் உறை மாட்டியவர்கள், மாத்திரைப் பெட்டியைச் சட்டைப் பையில் கிலுகிலுக்க வைத்துக்கொண்டவர்கள், வரமாட்டேன் என்று சொன்ன கணவனைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது.

மாஸ்டருடையது பயில்வான்களைத் தூக்கிப் போட்டுப் பழகிய கை. இவர்களைத் தொடவே கூசியது. டாக்டர் சீட்டு இல்லாமல் யாரையும் விரிப்பில் ஏற்றவில்லை. முதல் வாரம் முழுக்க எல்லோரையும் மல்லாந்து படுக்கவைத்துத் தலையைத் தூக்க மட்டும் சொல்லிக்கொடுத்தாள்.

"தொப்புளைப் பாருங்க. விழும்போது தொப்புளைப் பார்த்தா தலை தரையில படாது."

"எனக்குத் தொப்புள் தெரியறதில்லை மாஸ்டர்," என்றார் மெத்தைக் கடைக்காரர். "நடுவுல மலை மறைக்குது."

"தொப்புள் இருக்கற திசையைப் பாருங்கண்ணே."

பிறகு குந்தியபடி பின்னால் உருளுவது. பிறகு பாதி நின்று. உருளும்போதே இரண்டு கையாலும் விரிப்பை ஓங்கி அடிக்க வேண்டும். அடி கையோடு போய்விடும், முதுகுக்கு வராது. பாட்டு டீச்சர் அடிக்கும் அடியில் தாளம் இருந்தது. ஓட்டுநர் விழுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்வார். "வெளியில தரை கல்லு. அங்கே கையால அடிக்காதீங்க, உருண்டாப் போதும்," என்று மாஸ்டர் தினமும் சொன்னாள். எல்லோரும் தினமும் தலையாட்டினார்கள். வகுப்பு முடியும்போது அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, விளையாட்டு விட்டு வரும் பள்ளிப் பிள்ளைகள்கூட அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

நாற்காலியை விட்டு அசையாதவள் அத்தை மட்டும்தான். "முதுகு வளையலை டீச்சர்," "டாக்டரே, கண்ணைத் திறந்துக்கிட்டு விழுங்க" என்று அங்கிருந்தே எல்லோரையும் திருத்துவாள். "நீங்களும் வாங்களேன்" என்று யாராவது கூப்பிட்டால், "தொலைபேசியை யாரு பார்ப்பா?" என்பாள்.

ஒரு மதியம் எல்லோரும் போன பிறகு, மாஸ்டர் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளும் விழுந்தது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கால் விரல்கள் விளிம்பைப் பற்றியிருந்தன.

"தரையில உட்கார்ந்து ரொம்ப நாளாச்சு," என்றாள். குரலில் வழக்கமான கணீர் இல்லை. "உட்கார்ந்தா எழுந்திருக்க வராதோன்னு பயம். கீழே ஏதாவது விழுந்தாக்கூட எடுக்கறதில்லை. காலால தள்ளி வச்சுடுவேன். உன் புருஷன்கிட்ட சொல்லாதே."

கட்டிலடியிலிருந்து பெருக்கும்போதெல்லாம் பேனா, சீப்பு, மூக்குக் கண்ணாடி உறை என்று எத்தனையோ வந்தது மாஸ்டருக்கு நினைவு வந்தது. அத்தைக்கு அலட்சியம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"முதல்ல விழ வேண்டாம் அத்தை. எழுந்திருக்கறதைப் பார்ப்போம்," என்றாள்.

ஒரு முழங்காலை ஊன்றி, நாற்காலியைப் பிடித்து, பிறகு நாற்காலி இல்லாமல் மருமகளின் தோளைப் பிடித்து, பிறகு தன் தொடையையே பிடித்து எழுந்தாள் அத்தை. திரும்பத் திரும்ப எழுந்தாள். மூச்சு வாங்கியது, முகம் சிவந்தது, போதும் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. எழத் தெரிந்த பிறகு விழுவது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. குந்தினாள், தொப்புளைப் பார்த்தாள், உருண்டாள், விரிப்பை அடித்தாள். கீழே மெத்தைக் கடைக்காரர் ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டினார். இப்போதெல்லாம் அவர் பாராட்டுக்குத்தான் தட்டுவது.

பள்ளி எப்படி வளர்ந்தது என்று கேட்டால் ஓட்டுநரைத்தான் கைகாட்ட வேண்டும். மழை நாளில் ரயில் நிலையத்தின் வழவழப்பான தரையில் அவர் கால் வழுக்கியது. கூட்டமே 'ஐயோ' என்றது. அவர் அழகாக முதுகை வளைத்து, தொப்புளைப் பார்த்து, உருண்டு, மாஸ்டர் தினமும் வேண்டாம் என்று சொன்னதை மறந்து, கல்தரையைப் பளாரென்று இரண்டு கையாலும் அடித்தார். உள்ளங்கை தீயாக எரிந்ததே தவிர வேறு ஒரு கீறல் இல்லை. எழுந்து நின்று, பழக்கதோஷத்தில், கூடியிருந்தவர்களுக்குக் குனிந்து வணக்கம் வேறு வைத்தார். பார்த்தவர்கள் ஏதோ வித்தைக்காரர் என்று கைதட்டினார்கள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டவர்களை அவர் அங்கேயே வரிசையில் நிறுத்தி வழி சொன்னார்.

அதற்குப் பிறகு அத்தை தொலைபேசியை விட்டு நகர முடியவில்லை. காலை வகுப்பு இரண்டாகி, மதியமும் ஒன்று சேர்ந்தது. "இணைப்புல இருங்க, உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் விழறதுக்குக் காத்திருக்கார்" என்று அத்தை சொல்வது இப்போது நிஜமாகவே நிஜம்.

மாஸ்டர் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. பயிற்சியாளர்கள் கூட்டத்துக்குப் போனபோது கட்டைமீசை வைத்த ஒருவர் எல்லோர் எதிரிலும், "உங்க பள்ளியில பெல்ட்டுக்குப் பதிலா கைத்தடியா கொடுக்கறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீடு வரும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு வலித்தது.

அதனால்தான், காலை வகுப்புக்காரர்கள் சாயங்காலமும் வரலாமா, பெரிய பிள்ளைகள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக விழுந்துகொள்கிறோமே என்று கேட்டபோது, அவள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். "சாயங்காலம் ஜூடோ நடக்குதுங்க. காலையில நடக்கறது வேற."

பாட்டு டீச்சர் முழங்கால் உறையைச் சரிசெய்துகொண்டாள். மெத்தைக் கடைக்காரரின் முகம் சுண்டிப்போனது. "சரி தங்கச்சி," என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினார். இப்போது அவர் கைப்பிடியைப் பிடிப்பதில்லை.

"வேறன்னா என்ன வேற?" என்றாள் அத்தை, இரண்டு பேர் மட்டும் இருந்தபோது.

மாஸ்டர் விரிப்பை மடிப்பதுபோல் பாவனை செய்தாள். அந்த விரிப்பு மடிகிற விரிப்பே இல்லை.

மாநிலப் போட்டி வந்தது. கோந்துவை மட்டும் அழைத்துக்கொண்டு மாஸ்டர் விடியற்காலையிலேயே கிளம்பினாள். அத்தைக்கு வேறு வேலை இருப்பதாகச் சொன்னாள். என்ன வேலை என்பது அரங்கத்தில் தெரிந்தது. வாசலில் ஒரு வாடகைப் பேருந்து வந்து நிற்க, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பழைய ஓட்டுநர் குதிக்காத குறையாக இறங்கினார். பின்னால் பல் டாக்டர், பாட்டு டீச்சர், மெத்தைக் கடைக்காரர், மாத்திரைப் பெட்டிகள், முழங்கால் உறைகள். எல்லோருக்கும் முன்னால் அத்தை.

"யாரும் சத்தம் போடக் கூடாது அத்தை," என்று மாஸ்டர் ஓடிப்போய்க் கெஞ்சினாள். "இங்கே கட்டைமீசை, நடுவர்கள், பெரிய பெரிய ஆளுங்க எல்லாரும் இருக்காங்க."

"நாங்க என்ன, குழந்தைகளா?" என்றாள் அத்தை.

அவர்கள் உறுதியாகத்தான் இருந்தார்கள். கோந்துவின் முதல் ஆட்டம்வரை. கோந்து வழக்கம்போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிராளி பொறுமை இழந்து பாய்ந்து, தானே நிலை தவறி, கோந்து லேசாகத் திருப்பியதில் மல்லாந்து விழுந்தாள். கையால் விரிப்பை அவள் அடித்த அடி கணீரென்று அரங்கத்தின் சுவரில் மோதித் திரும்பியது. நடுவர் கையை உயர்த்தினார்; மல்லாந்து விழுந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

அத்தை கூட்டம் உட்கார்ந்திருந்த வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. "அடடா, என்ன மாதிரி விழுந்தா பாருங்க!" என்று மெத்தைக் கடைக்காரர் கூவினார். "தலை படவே இல்லை!" என்றார் பல் டாக்டர். "சபாஷ் கண்ணு! முதுகு வளைஞ்சது பிரமாதம்!" என்று தொலைபேசி நிலையத்தின் முழுக் குரலில் அத்தை சொன்னது அரங்கத்தின் மூலை முடுக்கெல்லாம் இணைக்கப்பட்டது.

அவர்கள் கைதட்டியது கோந்துவுக்கு இல்லை, தோற்ற பெண்ணுக்கு.

அந்தப் பெண் எழுந்து, தன்னைக் கேலி செய்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். கேலி செய்கிற முகம் அங்கே ஒன்றுகூட இல்லை. அழத் தயாராக இருந்தவள், குழப்பத்தோடு அந்தப் பக்கம் ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். மாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. அரங்கத்தின் தரையோ நல்ல சிமெண்ட்.

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. எந்தப் பள்ளி, எந்த ஊர் என்ற பேதமில்லாமல் விழுந்தவர்களுக்கெல்லாம் தட்டினார்கள். சரியாக விழாதவர்களைப் பார்த்து, "கையை ஊனாதே ராஜா, மணிக்கட்டு போயிடும்!" என்று வருத்தப்பட்டார்கள். ஒரு நடுவர் வந்து விசாரித்தார். "யாரையும் குறை சொல்லலீங்க, பாராட்டத்தான் செய்யறோம்," என்றார் ஓட்டுநர். பாராட்டக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்கேயும் இல்லாததால் நடுவர் திரும்பிப் போய்விட்டார்.

எதிராளி தவறியதில் அடுத்த ஆட்டத்தையும் தாண்டிய கோந்து, அரையிறுதிக்கு முன்னால் விரிப்போரத்தில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குத் தோள் வீச்சு நல்லா வரும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். பயிற்சியில நல்லாப் போடறே. இங்கே ஏன் போட மாட்டேங்கறே?"

"முதுகைக் காட்டித் திரும்பணுமே. தப்பிச்சுன்னா நான்தான் பறப்பேன். இத்தனை பேர் முன்னாடி மல்லாந்து கிடக்கணும்." விரல்களை முறித்தாள். "அதுக்குப் பிடிச்சுக்கிட்டு நின்னா அசிங்கம் இல்லைன்னு நினைச்சேன்."

மாஸ்டருக்குத் தன்னுடைய அந்தக் கடைசி நிமிடம் நினைவு வந்தது. அதில் அவளும் எதையும் செய்யவில்லை. பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத் தானேகூட.

"இன்னைக்கு விழுந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

கோந்து பார்வையாளர் வரிசையைப் பார்த்தாள். அத்தை இரண்டு கையையும் வாயருகே குவித்துத் தயாராக வைத்திருந்தாள். "கைதட்டுவாங்க," என்றாள் கோந்து. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆட்டம் ஆரம்பித்தது. கோந்து முதுகைக் காட்டித் திரும்பினாள், தோளைக் கொடுத்தாள், ஒரு நூலிழை தப்பியது. எதிராளி அவளை அப்படியே பின்னால் அள்ளி வீசினாள். கோந்து பறந்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு சுத்தமாக ஒருத்தி விழுந்து அந்த அரங்கம் பார்த்திருக்காது. கை விரிப்பில் பட்ட சத்தம் பட்டாசு மாதிரி வெடித்தது. மெத்தைக் கடைக்காரர் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாட்டு டீச்சர் அழுதேவிட்டாள். கோந்து மல்லாந்து கிடந்தபடி சிரித்தாள். எழுந்து வந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தாள். தோற்றவள் சிரிப்பதையும் ஜெயித்தவள் விழிப்பதையும் அங்கே அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மணியடித்த சூடு ஆறுவதற்குள் கோந்து திரும்பினாள். தோள் கொடுத்தாள். இந்த முறை எதிராளி பறந்தாள். வெண்கலம். கோந்து எதிராளியைக் கைதூக்கி எழுப்பிவிட்டு, அத்தை பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணைச் சுட்டிக் காட்டினாள், 'இவ விழுந்ததுக்குத் தட்டுங்க' என்பதுபோல. தட்டினார்கள். இப்போது மற்ற வரிசைகளும் சேர்ந்துகொண்டன.

வெளியே வரும்போது கட்டைமீசை வழியில் நின்றார். மாஸ்டர் என்ன வரப்போகிறதோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அவங்க எல்லாரும் உங்க ஆளுங்களா?"

"ஆமா," என்றாள் மாஸ்டர். ஒரு கணம் நின்று, நிமிர்ந்து, "என் மாணவங்க. ஜூடோ படிக்கறாங்க," என்றாள்.

"அடுத்த போட்டிக்கும் கூட்டிட்டு வருவீங்களா?" மீசையைத் தடவிக்கொண்டார். "எங்க பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. தோத்துட்டு வந்து அழாம உட்கார்ந்திருக்காங்க. நான் பார்த்ததே இல்லை."

பேருந்தில் திரும்பும்போது மாஸ்டர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாளையிலேர்ந்து சாயங்காலமும் வாங்க," என்றாள். "எல்லாரும் ஒரே விரிப்புதான். நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

"எது, என்ன சொன்னீங்க?" என்றார் மெத்தைக் கடைக்காரர், ஒன்றும் தெரியாதவர்போல. "எனக்கு வயசாச்சு தங்கச்சி, எல்லாம் மறந்துபோகுது."

சாயங்கால வகுப்பு ஒரே மாதத்தில் பொங்கி வழிந்தது. கோந்துவும் அவளைப் பார்த்துச் சேர்ந்த பெண்களும் வீசப் பழகினார்கள். பெரியவர்கள் அவர்களுக்கு விழுவதில் பிழை திருத்தினார்கள். முதல் மாதச் சட்டத்தை இப்போது யாரும் குறை சொல்லவில்லை. விழுவதற்கென்றே ஒரு மாதம் போதாது என்றுதான் தகராறு. மாடியில் இடம் பற்றவில்லை, மாடியேற முடியாத சிலர் கீழேயே நின்று ஏங்கிவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்த மெத்தைக் கடைக்காரர் கடையின் பின்பாதியைக் காலி செய்து கொடுத்தார். தரையோடு தரையாக, படியே இல்லாத கூடம். முன்பாதியில் மெத்தை, பின்பாதியில் விரிப்பு. "வாங்க வர்றவங்க ரெண்டுலயும் விழுந்து பார்க்கட்டும்," என்றார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மெத்தை வியாபாரமும் சூடு பிடித்தது.

புதுக் கூடத்தின் முதல் நாள். மாஸ்டர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, இன்றைக்குப் பக்கவாட்டில் விழுவோம் என்றாள். வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அத்தை. வெள்ளைச் சட்டையும் பெல்ட்டும் கட்டியிருந்தாள். தொலைபேசியைப் பல் டாக்டரிடம் ஒப்படைத்திருந்தாள்.

"விழுந்து விழுந்து அலுத்துப்போச்சு மாஸ்டரம்மா," என்றாள். "எனக்கு யாரையாவது தூக்கிப் போடணும்."

மாஸ்டர் வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"யாரை அத்தை?"

"இதென்ன கேள்வி? உன்னைத்தான்."

கோந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு டீச்சர் தன் மருமகளை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கண்கள் பளபளத்தன. உலகத்தில் எத்தனை மாமியாருக்கு, பத்துப் பேர் முன்னிலையில், பள்ளியின் முழு அனுமதியோடு, இந்தக் கொடுப்பினை வாய்க்கும்?

மாஸ்டர் வந்து எதிரில் நின்றாள். இருவரும் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். கையை எங்கே பிடிப்பது, இடுப்பை எப்படி உள்ளே நுழைப்பது, முழங்காலை எவ்வளவு மடிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். போடுகிறவர் கடைசிவரை சட்டைக் கையை விடக் கூடாது என்றாள்.

"நீயா குதிச்சு விழக் கூடாது," என்று அத்தை எச்சரித்தாள். "எனக்குத் தெரிஞ்சுபோயிடும். நான் ஏமாற மாட்டேன்."

"குதிக்க மாட்டேன் அத்தை."

முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை இருவரும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்கள். அடுத்த முறை அத்தை மூச்சை இழுத்து, முழங்காலை மடித்து, இடுப்பைச் சரியான இடத்தில் வைத்தாள். மாஸ்டரின் கால்கள் தரையை விட்டுக் கிளம்பின. அவள் உண்மையாகவே குதிக்கவில்லை. குதிக்காமலே தான் மேலே போய்க்கொண்டிருப்பதை ஆச்சரியத்தோடு உணர்ந்தாள். அதற்குள் விரிப்பு வந்துவிட்டது.

முன்பாதியில் மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கூட எழுந்து வந்து கைதட்டினார். கூடம் இரண்டுபட்டது. அத்தை மட்டும் அசையவில்லை. மருமகளின் சட்டைக் கையை இறுகப் பிடித்தபடி, தலை தரையில் படவில்லை என்பதைக் குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

"வலிச்சுதாம்மா?"

"இல்லை அத்தை."

"நல்லதாப் போச்சு," என்றாள் அத்தை. "எழுந்திரு. இன்னொரு தடவை."